அறநூற் கல்விக்கு அமைந்த கொடைகள்

பழனிமலையை அடுத்த ஐவர்மலையில், சகம் 792இல் (கி.பி. 870) பொறிக்கப்பெற்ற கல்வெட்டொன்று உளது. அஃது இரண்டாம் வரகுண பாண்டியனது எட்டாம் ஆட்சியாண்டுக்குரியது. குணவீரக் குரவடிகளின் மாணாக்கரான சாந்திவீரக் குரவர், பார்சுவ படாரர், இயக்கியர் திருமேனிகளைப் புதுக்கி, முட்டாது அவி படைத்தற்கும் அடிகள் ஒருவர்க்குச் சோறிடற்கும் 505 காணம் பொன் அமைத்தார் என்பது அதன் செய்தி. முதல் குன்றாது நிற்க, அதன் பலிசையால் அறம் நடைபெறுதல் பொற்கொடைகளின் இயல்பு. இது சமயக்கொடையே. எனினும், நீதிநூற் கல்வியும் இவ்வாறு பிறர் கொடையால் நிலைபெற்றதோ என்னும் வினாவை இஃது எம்பால் எழுப்பிற்று.

கி.பி. 800ஐ ஒட்டிய மானூர்க் கல்வெட்டு, சபையிற் பங்குகொள்வோர் மந்திர பிராமணமும் ஒரு தருமநூலும் வல்லராதல் வேண்டும் என்கின்றது. ஊர்வழக்குகளையும் சபையே தீர்த்தமையின், இதனை நீதி வழங்குவோர்க்குரிய தகுதியாகவும் கொள்ளலாம். தகுதியை விதித்தல் எளிது. கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் சோறு வேண்டுமன்றோ? முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணாக்கர் பயின்றனர். அவருள் 35 பேர் பிரபாகர மீமாம்சை கற்றோர். அக்கல்லூரிக்கு 45 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. கி.பி. 1048இல் திரிபுவனையில் 12 ஆசிரியரும் 260 மாணாக்கரும் இருந்தனர். அங்கே மனுநூலும் பாடமாயிற்று.

மீமாம்சையை வேள்வி பற்றிய கல்வியென ஒதுக்குவார் உளர். விதிவாக்கியங்கள் தம்முள் மாறுபடின் பொருள் கொள்ளுமாறு யாது என்பதே அதன் உயிர்நிலை. நீதிபதிக்கு நாள்தோறும் நேரும் இடர்ப்பாடும் அதுவே. பிரசன்னகுமார் தாகூர் 1868இல் மறைந்தபோது கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு வைத்துச்சென்ற பொருளால் எழுந்தவை தாகூர் சட்டச் சொற்பொழிவுகள். அவ்வரிசையில், 1905ஆம் ஆண்டுக்குரியதாகக் கிசோரிலால் சர்க்கார் ஆய்ந்த பொருள், இந்துச் சட்டத்தில் மீமாம்சை விதிகளின் பயன்பாடாகும்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. சோழர்காலக் கல்லூரிகளில் வேதம் ஓதுதற்குரியாரே பயின்றனர்; வழக்குரைக்க வந்த உழவனுக்கும் வணிகனுக்கும் ஆண்டு இடமில்லை. தாகூர் சொற்பொழிவுகளோ ஆங்கிலத்தில் நிகழ்ந்தன. நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழில் வந்தது, நாம் அறிந்தவரை, இத்தகைய அறக்கட்டளை எதனாலும் அன்று. முன்சீபாயிருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழாக்கி, 1862இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார்.