நூலக அட்டையும் கணிப்பொறிப் பதிவும்

நூல்களைத் திரட்டி வைத்தால் மட்டும் அது நூலகம் ஆகிவிடாது. வேண்டுவோர் வேண்டிய நூலைக் கண்டெடுக்க வழியும் இருத்தல் வேண்டும். அவ்வழியைக் காட்டுவது நூற்பட்டியல். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சிறு அட்டைகளில் வாழ்ந்த அப்பட்டியல் இன்று கணிப்பொறியுள் குடியேறியுள்ளது. அக்குடியேற்றத்தில் எவை வந்து சேர்ந்தன, எவை வழியில் தவறின என்று ஆராய்வது தமிழ்நூல்பால் அன்புடைய நமக்குக் கடமையாகும்.

பிரெஞ்சுப் புரட்சி அரசு, 1789இல் திருச்சபையின் உடைமைகளைக் கைப்பற்றியபோது மடங்களின் நூல்களும் அதன் வசமாயின. அவற்றுக்குப் பட்டியல் எடுக்க 1791இல் நெறிமுறைகள் வகுத்த அவ்வரசு, சீட்டாட்டச் சீட்டுகளில் எழுதச் செய்தது. அக்காலச் சீட்டுகளின் பின்புறம் வெறுமையாக இருந்தமையே காரணம். கட்டிய ஏட்டில் புதிய நூலின் பெயரை இடையே நுழைத்தல் அரிது; அட்டையில் அஃது எளிது. 1901இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் அச்சிட்ட அட்டைகளைப் பிற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கிற்று.

நம் நாட்டில் இத்துறைக்கு இலக்கணம் கண்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்ந்த அவர், பட்டியலாக்கத்துக்கென ஒரு விதிநூலை 1934இல் வெளியிட்டார். அவர் பெயரின் முதலெழுத்து ஊரையும் அடுத்தது தந்தையையும் குறிக்கும். இறுதியில் நிற்பதே அவர் பெயர். குடும்பப் பெயரைத் தேடும் மேலைநாட்டு விதி நம் பெயர்களுக்குப் பொருந்தாமைக்கு அவர் பெயரே சான்று.

கணிப்பொறி படிக்கத்தக்க பதிவுமுறையை 1960களில் காங்கிரசு நூலகத்தில் உருவாக்கியவர் ஹென்ரியட் ஆவ்ரம் அம்மையார். ‘மார்க்’ எனப்படும் அம்முறையில் ஆசிரியர் பெயருக்கு 100, தலைப்புக்கு 245 என ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. புதிய நூல்களுக்கு இது வசதியே. ஆயின், இழுப்பறைகளில் இருந்த பல இலட்சம் பழைய அட்டைகளை என் செய்வது? பெரும்பாலும் நூலைக் கையில் எடுத்துப் பாராமல் அட்டையைப் பார்த்தே தட்டச்சுச் செய்தனர். விரைவு நாடியதால் சில குறிப்புகள் விடுபட்டன, பிழைகளும் புகுந்தன. இழுப்பறையில் அட்டைகளைப் புரட்டுவோர் கண்ணுக்குப் பிழையுடைய அட்டையும் அருகில் தென்படக்கூடும். கணிப்பொறியோ கேட்ட எழுத்துக்கு உரியதையே காட்டும். ஓரெழுத்துப் பிழையால் நூல் அடுக்கில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

தமிழ்நூல்களுக்கு இவ்விடர் இருமடங்கு. தொடக்கக் காலக் கணிப்பொறிகள் தமிழ் எழுத்தை ஏற்கவில்லை. ஆதலின் தலைப்புகளை உரோமன் எழுத்தில் பெயர்த்தனர். அம்முறையில் ளகரத்துக்குக் கீழே புள்ளியும் ழகரத்துக்குக் கீழே கோடும் இடுவர். புள்ளியும் கோடும் விடுபட்டால் வலியும் வளியும் வழியும் ஒன்றாகிவிடும்; மனமும் மணமும் வேறுபாடின்றிப் போகும்.

ஆண்டுக் கணக்கிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பழைய பதிப்புகள் சிலவற்றில் அறுபதாண்டுச் சுழற்சியின் பெயர் மட்டுமே காணப்படும். பிரபவ ஆண்டு 1867லும் வந்தது; 1927லும் வந்தது. தாளையும் அச்சையும் ஆராய்ந்து ஆண்டைக் கணிக்கும் பட்டியலாளர், அது தம் ஊகம் என்பதைக் காட்டப் பகர அடைப்பினுள் எழுதுவார். தட்டச்சில் அவ்வடைப்பு விடுபட்டால் ஊகம் உண்மையாகிவிடும். பின்வரும் ஆய்வாளர் அதனைச் சான்றாகக் கொண்டு இலக்கிய வரலாறு எழுதினால், பிழை மேலும் பரவும்.

இவ்விடர்கள் தீராதவை அல்ல. 1991இல் ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றபின் தலைப்பைத் தமிழிலேயே பதிய வழி பிறந்தது. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘லை’யும் பிந்தைய ‘லை’யும் வடிவில் வேறாயினும் அங்குக் குறியீடு ஒன்றே. புதுமைப்பித்தன் என்று தேடினாலும் சொ. விருத்தாசலம் என்று தேடினாலும் ஒருவரையே சேருமாறு பெயர்களை இணைத்தலும் இயலும். ஓர் அட்டையால் ஆகாத பணி இது. ஆயினும், அவ்விருவரும் ஒருவரே என்று அறிந்து சொல்ல மனிதர் வேண்டும்.

அமெரிக்காவின் ஓசிஎல்சி நிறுவனம் 2015 அக்டோபரில் தன் இறுதி நூலக அட்டைகளை அச்சிட்டு அப்பணியை நிறுத்திற்று. அட்டையின் காலம் முடிந்ததற்கு நாம் வருந்த வேண்டுவதில்லை. ஆனால் நம் நூலகங்களில் மாற்றப்படாத அட்டைகள் இருக்குமாயின், அவற்றை நூலோடு ஒப்பிட்டு, ஓரக் குறிப்பையும் அடைப்பையும் விடாது பதிந்த பின்னரே அகற்றுவோமாக. தமிழறிந்தவரும் நூலகவியல் கற்றவரும் அருகருகே அமர்ந்து செய்யவேண்டிய பணி இது. ஏட்டுச்சுவடியை அச்சேற்றியோர் பாடம் ஒப்பிட்ட பொறுமை, அட்டையைக் கணிப்பொறியில் ஏற்றுவோர்க்கும் வேண்டும்.