ஆல்பாவும் பன்னீர் ரோஜாவும்

பனி நாட்டுத் தோட்டக்காரர் ஆல்பா வகை ரோஜாவைத் தேடுவதும், சென்னையை அடுத்த பட்டாபிராம்காரர் மொட்டை மாடிக்குப் பன்னீர் ரோஜா கேட்பதும் ஒரே காரணத்துக்காகத்தான்: செடி பிழைக்க வேண்டும். அங்கே எதிரி மைனஸ் 30 டிகிரிக் குளிர். இங்கே 40 டிகிரியைத் தாண்டும் அக்னி நட்சத்திரம்.

ஆல்பா இலையுதிர்த்து உறங்கிக் குளிரைக் கடக்கிறது. ஜனவரி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் நம் ஊரில் அந்த உறக்கத்துக்கு வழியில்லை. பன்னீர் ரோஜாவோ உறங்கத் தெரியாதது. மழை ஓய்ந்ததும் கவாத்து செய்து நாம்தான் ஓய்வு தர வேண்டும். அது புதுத்துளிரில் பூப்பதால் வெட்ட வெட்ட நல்லது. ஆல்பா பழைய கிளையில், ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூப்பது. குளிர்காலத்தில் அதை வெட்டினால் அந்த ஆண்டுப் பூவே போச்சு. 1988-இல் ஜெர்மனியில் ரோல்ஃப் சீவர்ஸ் வெளியிட்ட ‘பிளஷ்’ கலப்பினங்கள் ஆல்பா வரிசைக்குச் சிவப்பைக் கொண்டுவந்தன. பூக்கும் காலத்தை அவையும் நீட்டவில்லை.

இத்தனை எதிரெதிராக நிற்பவை உறவினர்கள் என்பதுதான் வேடிக்கை. ஆல்பா, காலிக்கா ரோஜாவுக்கும் கேனினா என்னும் காட்டு ரோஜாவுக்கும் பிறந்தது. நம் பூ வியாபாரிகள் எட்வர்டு ரோஸ் என்றும் சொல்லும் பன்னீர் ரோஜா, ரியூனியன் தீவின் போர்பன் இனம்; டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்தது. அந்த டமாஸ்கின் வம்சத்திலும் காலிக்கா உண்டு. ஓயாமல் பூக்கும் குணம் சீன வழிச் சீர். பல்கேரியாவின் கசான்லக் பகுதியில் டமாஸ்க் வயல்களுக்கு வேலியாக ஆல்பாவை நட்டு, அதன் பூவிலும் வாசனை எண்ணெய் எடுத்திருக்கிறார்கள். நம் கல்யாண வீட்டுப் பன்னீர்ச் செம்புக்கு அது தூரத்துச் சொந்தம்.

பராமரிப்பும் கண்ணாடிப் பிம்பம்தான். பனி நாட்டவர் பனிக்காலத்தில் வேர்மேல் மூடாக்கு போடுகிறார்கள். நாம் சித்திரையில் காய்ந்த சருகைப் பரப்புகிறோம். ஒட்டு ரோஜாவானால் அவர்கள் ஒட்டுக்கணுவை மண்ணுக்குள் புதைக்கிறார்கள். நாம் அழுகாமலிருக்க மண்ணுக்கு மேலே விடுகிறோம். சொந்த வேரில் வளர்ந்த செடி என்றால் இரு ஊரிலும் இந்தக் கவலை இல்லை. மேல்பகுதி பனியில் கருகினாலும் வெயிலில் காய்ந்தாலும் அடியிலிருந்து அதே ரோஜாதான் துளிர்க்கும். ஒட்டுக்கணு செத்தால் கீழிருந்து வருவது வேர்ச்செடி மட்டுமே.

ஆகவே பட்டாபிராமில் ஆல்பாவுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். ஒட்டுத் தழும்பு இல்லாத, குச்சியில் வேர்பிடித்த பன்னீர் ரோஜாவாகப் பார்த்து வாங்குங்கள்.