பால் வெட்டும் நேரம்

மலாயாத் தோட்டங்களில் 'பால்' என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் பால்தான். "பால் வெட்டப் போறேன்" என்று ஓர் அம்மா சொன்னால் அதற்கு அர்த்தம், வீட்டில் பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு மரத்துப் பாலை எடுக்கப் போகிறாள் என்பது. இரண்டு பாலுக்கும் ஒரே நேரம். விடியற்காலைக் குளிரில்தான் மரம் நன்றாகப் பால் வடிக்கும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு. வெட்டி முடித்து, கோப்பைப் பாலைச் சேகரித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது நண்பகல் தாண்டிவிடும். பத்து பாகாட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்களின் நாள் இப்படித்தான் ஓடியது.

பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில். கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகம், பிரசவகால உதவித்தொகை இரண்டையும் பேசியது. ஜொகூர் அந்தக் கூட்டில் இல்லாத மாநிலம். ஆனாலும் 1914 முதலே அங்கே பிரிட்டிஷ் பொது ஆலோசகர் உட்கார்ந்துவிட்டார். சட்டம் எந்த ஊருடையதாக இருந்தால் என்ன, பிள்ளைக்கும் தாய்க்கும் நடுவில் தினமும் ஆறேழு மணி நேரம் இருந்தது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். நாலு மாதப் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 750 முதல் 800 மில்லி தாய்ப்பால் குடிக்கும். 100 மில்லிக்கு ஏறக்குறைய 67 கலோரி. ஆக, ஒரு நாளைக்கு 500 கலோரிக்கு மேல். காலையில் இரண்டு மூன்று தடவை தவறினால் பிள்ளை ராத்திரியில் அதை ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் மார்பு காலியாகாமல் கட்டிக்கொண்டே இருந்தால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். சில வாரங்களில் "பால் பத்தல" என்பது உண்மையாகிவிடும். தாயிடம் குறை ஒன்றும் இல்லை. பிள்ளை பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியில் நுழைந்தது டின் பால். இனிப்பூட்டிய கட்டிப்பாலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரைதான். ஒன்றுக்கு எட்டு என்று தண்ணீர் கலந்தால் 100 மில்லிக்கு 45 கலோரி அளவில் நிற்கும். அதிலும் பெரும்பங்கு சர்க்கரை. பிள்ளை குண்டாகத் தெரியும், சதை இருக்காது. கொழுப்பெடுத்த வகை இன்னும் மோசம். அதில் வைட்டமின் ஏ இல்லாததால் கண்பார்வையே போகும்.

இதை உரக்கச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர். கோல்ட் கோஸ்ட்டில் 'குவாஷியோர்கர்' நோயை உலகுக்கு விவரித்தவர். 1936இல் மலாயாவுக்கு வந்தார். தாதிபோல உடுத்திய பெண்களைப் பால் கம்பெனிகள் வீடுவீடாக அனுப்பியதைப் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய உரையின் தலைப்பு 'பாலும் கொலையும்'. இப்படிச் சாகும் பிள்ளைகளைக் கொலையுண்டவர்களாகவே கருத வேண்டும் என்பது அவர் வாதம். வியாபாரிகள் நிறைந்த ஒரு சங்கத்தில் நின்று அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

தாய்ப்பாலைப் புகழும்போது ஒன்றை விட்டுவிடுகிறோம். தாய் மெலிந்திருந்தாலும் பாலின் கலோரி பெரிதாகக் குறையாது. தன் உடம்பைக் கரைத்துக் கொடுப்பாள். பி1 போன்ற வைட்டமின்கள் அப்படியில்லை. தாயின் தட்டில் இல்லாதது பாலிலும் இருக்காது. தாய்க்கு பெரிபெரி வெளியே தெரியாமலேயே இருக்கும். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் மூன்று மாதப் பிள்ளைக்குத் திடீரென்று இதயம் நின்றுபோகும். தமிழர்களை இதில் பெருமளவு காப்பாற்றியது புழுங்கலரிசி. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு பெரிபெரி வருகிறது, புழுங்கலரிசி சாப்பிடும் தமிழர்களுக்கு அரிதாகவே வருகிறது என்பதை மலாயாவில் பணியாற்றிய டாக்டர் பிராடன் 1907இல் புத்தகமாகவே எழுதினார். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிகள் ருசிக்காகவும் பழக்கத்துக்காகவும் செய்ததுதான்.

ஜப்பானியர் காலத்தில் சிசிலி சாங்கி முகாமில் கைதி. அங்கே இருபது பிள்ளைகள் பிறந்தன, இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்று பின்னாளில் சொன்னார். அரைவயிற்றுக் கைதிகள்தான் அந்தத் தாய்கள். ஆனால் பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தோட்டத்துத் தாய்க்கு அது வாய்க்கவில்லை.

'பத்தல' என்ற பயத்துக்கு விஞ்ஞானமும் கொஞ்சம் துணை போனது. 1985இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் வெளியிட்ட கைக்குழந்தைகளின் ஆற்றல் தேவைக் கணக்கு கூடுதலாகவே இருந்தது. அடையாளமிட்ட நீரைக் கொடுத்து உடல் செலவழிக்கும் ஆற்றலை அளக்கும் முறை வந்த பிறகு, 2004 அறிக்கையில் அந்த எண் 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கியது. தாய்ப்பால் பிள்ளைகள் புட்டிப்பால் பிள்ளைகளைவிடக் குறைவாகவே ஆற்றல் செலவழிக்கின்றன என்பதும் தெரிந்தது. அதுவரை எத்தனை தாய்மார்கள் அந்தப் பழைய எண்ணோடு ஒப்பிடப்பட்டு டின்னைத் தேடிப் போனார்களோ!

இன்றைய பத்து பாகாட் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் பேர்போனது. 2023 ஜனவரி முதல் மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுவில் 80 நாளுக்கு மேல் மிச்சம். அந்த நாள்களில் தையல் மெஷினுக்கும் பிள்ளைக்கும் இடையே ஒரு ஷிப்டு, எட்டு மணி நேரம்.