கோட்டை கலைக்கூடமான கதை

பாரிஸ் பட்டணத்தைக் காணச் சென்ற நம்மை, வழிகாட்டி முதலில் அழைத்துச் சென்றது லூவர் கலைக்கூடத்துக்கு. சீன் ஆற்றங்கரையிலே, முடிவே இல்லாததுபோல் நீண்டு கிடக்கிறது அந்த மாளிகை. இந்தப் பகுதி இன்ன மன்னன் கட்டியது, அந்த ஓவியம் இன்ன மன்னன் பெற்றது என்று அடுக்கிக்கொண்டே போனார் அவர். மோனாலிசாவைப் பிரெஞ்சு நாட்டுக்கு உரியதாக்கியவன் முதலாம் பிரான்சிஸ் என்றார். உண்மைதான்! ஆனால், அந்த மோனாலிசாவை நாம் காணக் கதவைத் திறந்துவிட்டவர் யார்? சொல்ல வேண்டிய கதை அதுவன்றோ!

1190-ஆம் ஆண்டளவில், பிலிப் அகஸ்டஸ் மன்னன் நகரின் காவலுக்கென எழுப்பிய கோட்டை அது. அதன் அடிச்சுவரை இன்றும் நிலவறையிலே காணலாம். 1546-இல், பிரான்சிஸ் அங்கே புதிய அரண்மனை எழுப்பும் பணியைப் பியர் லெஸ்கோ என்னும் கட்டடக் கலைஞனிடம் ஒப்படைத்தான். தூணும் சாளரமும் அளவெடுத்த அழகு, மறுப்பதற்கில்லை. லெஸ்கோவின் பெயரைச் சொன்ன வழிகாட்டி, கல் சுமந்தோர் பெயரைச் சொல்லவில்லை. எவரும் எழுதி வைத்தாலன்றோ சொல்வதற்கு!

1682-இல் பதினான்காம் லூயி தன் அரசவையை வெர்சேல்சுக்கு மாற்றிக்கொண்டான். மன்னர்கள் திரட்டிய ஓவியங்களோ மன்னர் உடைமையாகவே இருந்தன. 1750-இல், லக்சம்பர்க் அரண்மனையிலே சிலவற்றை மக்கள் காண அனுமதித்தனர். பிறகு அந்த அரண்மனை மன்னன் தம்பிக்குத் தரப்பட்டது, கதவும் மூடப்பட்டது. தயவாகக் கிடைத்தது தயவு தீர்ந்ததும் போயிற்று!

1792 ஆகஸ்டு 10. லூவரை அடுத்திருந்த துய்லரி அரண்மனைக்குள் மக்கள் புகுந்தனர், முடியாட்சி சாய்ந்தது. 1793 சனவரி 21-இல் பதினாறாம் லூயியின் தலை உருண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 10-இல், முடியாட்சி சாய்ந்த நாளின் முதலாண்டு நிறைவன்று, லூவர் மக்கள் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. கட்டணம் இல்லை. 537 ஓவியங்கள்! பெரும்பாலானவை மன்னனிடமிருந்தும் மாதாகோயில்களிடமிருந்தும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை.

கலைஞர்கள் அனைவரும் கொள்கைக் குன்றுகளா? அல்லர். மன்னனுக்கு மரணமே தண்டனை என்று வாக்களித்த ஓவியன் டேவிட், நெப்போலியன் முடிசூட்டு விழாவைச் சுவர் நிறையத் தீட்டித் தந்தான். விழாவுக்கு வராத நெப்போலியனின் அன்னை, ஓவியத்திலே நடுநாயகமாக வீற்றிருக்கிறாள்! தூரிகைக்கும் அரசவை மொழி பேச வருகிறது. அந்த நெப்போலியன் படை, 1797-இல் வெனிசு நகர மடமொன்றிலிருந்து பெயர்த்து வந்த வெரோனீசின் பெரிய ஓவியம் இன்றும் லூவரில்தான் இருக்கிறது. அவன் வீழ்ந்தபின், 1815-இல் பல பொருள்கள் உரியவரிடம் திரும்பின, இது திரும்பவில்லை. மக்கள் பெயரால் திறந்த கூடத்திலே, மற்றொரு மக்களிடமிருந்து பறித்த பொருள்!

நாம் நெடுநேரம் நின்றது தெலக்குருவா தீட்டிய ஓவியத்தின் முன்னே. 1830 சூலைப் புரட்சி அது. மூவண்ணக் கொடி ஏந்திய மங்கை, அவளருகே இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்திய சிறுவன், காலடியிலே பிணங்கள். 1831-இல் அரசு 3,000 பிராங்கு தந்து வாங்கிற்று. புதிய மன்னனும் புரட்சியால் அரியணை ஏறியவன்தான். எனினும், மக்கள் அதனைக் கண்டால் மறுபடியும் கிளர்ந்தெழுவர் என்ற அச்சம்! ஓவியத்தை மறைத்து வைத்தனர். பின்னர் ஓவியனிடமே திருப்பித் தந்தனர். அது லூவருக்குள் நுழைந்தது 1874-இல். தெலக்குருவா மறைந்து பதினோர் ஆண்டுகள் கழிந்த பிறகு.