தாய்ப்பத்திரமும் சார் பதிவாளரும்: கோபி தீர்ப்புக்குப் பின் வழக்கறிஞர் மேசை

ஆவடியிலும் பூந்தமல்லியிலும் சொத்து வழக்கு நடத்துபவர்கள் அன்றாடம் பார்க்கும் குடும்பம் இது. தகப்பனார் வாங்கிப் போட்ட மனை, அவருக்கு நான்கு வாரிசுகள். கிரயப்பத்திரத்தின் அசல் மூத்தவர் பீரோவில் இருக்கிறது. பட்டா இன்னும் இறந்தவர் பெயரிலேயே ஓடுகிறது. அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாத கடைசித் தங்கை, தன் கால் பாகத்தை விற்க டோக்கன் போட்டுக்கொண்டு வருகிறார். 2022 முதல் 2025 வரை கவுன்ட்டரில் கிடைத்த பதில், “அசலைக் கொண்டு வாருங்கள்” என்பதே.

அந்தப் பதிலுக்கு ஆதாரமாக இருந்தது தமிழ்நாடு பதிவு விதிகளில் 2022இல் சேர்க்கப்பட்ட 55-ஏ. எழுதிக் கொடுப்பவர் தமக்குச் சொத்து வந்த விதத்தைக் காட்டும் முந்தைய அசல் பத்திரத்தையும், பத்து நாள்களுக்குள் எடுத்த வில்லங்கச் சான்றையும் காட்ட வேண்டும் என்றது அவ்விதி. அசல் தொலைந்திருந்தால் காவல்துறைச் சான்றும் நாளிதழ் விளம்பரமும் வேண்டும். பூர்வீகச் சொத்து என்றால் பட்டா போன்ற வருவாய் ஆவணம் வேண்டும். தொலையவும் இல்லை, கைக்கு வரவும் இல்லை என்ற நிலையிலிருந்த தங்கைக்கு விதியில் இடமே இல்லை.

2025 ஏப்ரல் 7 அன்று, கே. கோபி எதிர் சார் பதிவாளர் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு 55-ஏ(i) விதியை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குப் புறம்பானது என ரத்து செய்தது. காரணம் எளியது. எழுதிக் கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்று விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் பதிவு அலுவலருக்குக் கொடுக்கவில்லை. 34, 35ஆம் பிரிவுகளின்படி அவர் பார்க்க வேண்டியது எழுதிக் கொடுத்தது உண்மையா, வந்தவர் அவர்தானா, பிரதிநிதியாக வந்தவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்பவற்றைத்தான். சட்டம் கொடுக்காத அதிகாரத்தை 69ஆம் பிரிவின் கீழ் இயற்றிய விதி கொடுக்க முடியாது. உரிமை இல்லாதவர் எழுதிக் கொடுத்தாலும், நடைமுறைகள் நிறைவாகி முத்திரைத் தீர்வையும் கட்டணமும் செலுத்தப்பட்டிருந்தால் ஆவணம் பதியப்பட வேண்டும். அதில் கைமாறுவது எழுதிக் கொடுத்தவரிடம் இருந்த உரிமை மட்டுமே. ஆவணத்தின் செல்லுபடியை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலையல்ல என்று 55ஆம் விதி ஏற்கெனவே சொல்லியிருந்தது என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

அரசின் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆள்மாறாட்டமும் இரட்டைக் கிரயமும் இந்தப் புறநகர்களில் பல குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பை விழுங்கியிருக்கின்றன. ஆனால் ஆள்மாறாட்டத்துக்குத் துணிந்தவர் போலி அடையாள அட்டையோடு நிற்பதில்லை, போலி அசலையும் சேர்த்தே அடித்துக் கொண்டு வருவார். அசல் கேட்டதால் மாட்டிக்கொண்டவர்கள் பெரும்பாலும் உரிமை இருந்தும் காகிதம் கைவசம் இல்லாதவர்கள். அந்த வகையில் தீர்ப்பு சரியானதே.

இதற்கு முந்தைய ஆண்டே இன்னொரு தூண் சரிந்திருந்தது. பதிந்த பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற, பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவை 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. மிஞ்சியிருப்பது 22-பி. போலி ஆவணம், சட்டம் தடை செய்த பரிமாற்றம், ஜப்தியிலுள்ள சொத்து ஆகியவற்றைப் பதிய மறுக்கச் சொல்லும் பிரிவு அது. ஜப்தி உத்தரவைக் காகிதத்தில் பார்த்துவிடலாம். ‘போலி’ என்பதை ஒரு சார் பதிவாளர் எப்படித் தீர்மானிப்பார்? சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. 55-ஏ வழியாக முடியாததை 22-பி வழியாகச் செய்ய இடம் கொடுத்தால் கோபி தீர்ப்புக்குப் பொருளே இராது. பார்த்த மாத்திரத்தில் தெரியும் போலிக்கு மட்டுமே அந்தச் சொல் பொருந்தும் என்று வழக்கறிஞர்கள் வலியுறுத்த வேண்டும்.

தீர்ப்பு வந்த அதே மாதம், அசல் காட்டும் கட்டாயத்தைச் சட்டத்திலேயே சேர்க்கும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆவணப் பதிவு பொதுப்பட்டியலில் இருப்பதால், மத்திய சட்டத்தோடு முரண்படும் மாநிலத் திருத்தத்துக்கு அரசமைப்பின் 254(2)இன்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தேவை. கட்டாயம் சட்டப் பிரிவாகவே வந்துவிட்டால் ‘விதி சட்டத்தை மீறுகிறது’ என்ற வாதம் எடுபடாது. அப்போது கைகொடுக்கக்கூடியது 2025 நவம்பரில் வந்த சமியுல்லா எதிர் பீகார் அரசு தீர்ப்பு. பெயர் மாற்றச் சான்று இல்லாமல் பதியக் கூடாது என்ற பீகார் விதிகளை உச்ச நீதிமன்றம் அதிகார வரம்பு மீறியவை என்றதோடு நிற்கவில்லை. வருவாய் ஆவணங்களே ஒழுங்காகாத நிலையில் அவற்றைக் கட்டாயமாக்குவது தன்னிச்சையானது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது காரணம் அரசமைப்பின் 14ஆம் பிரிவைச் சேர்ந்தது. சட்டப் பிரிவுக்கு எதிராகவும் அதை எழுப்பலாம்.

ஆக, உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குபவரின் வழக்கறிஞர் மேசைக்கு வந்திருக்கிறது. பதிவாகிவிட்டது என்பது உரிமைக்குச் சான்றல்ல என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் மனை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 1970களின் பத்திரத்தில் சொத்து விவரம் செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா என்றிருக்கும். 1997க்குப் பின் திருவள்ளூர் மாவட்டம், 2018க்குப் பின் சென்னை மாவட்டம். கிராம சர்வே எண் உட்பிரிவாகி, பிறகு டவுன் சர்வே எண்ணாகியிருக்கும். புதிய எண்ணுக்கு மட்டும் வில்லங்கம் போட்டால் பழைய எண்ணில் பதிவான அடமானமோ விற்பனை ஒப்பந்தமோ கண்ணில் படாது. கிராமம் வேறு சார் பதிவாளர் எல்லைக்கு மாறியிருந்தால் இரண்டு அலுவலகத்திலும் தேட வேண்டும். பதியப்படாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை இரண்டையும் எந்த வில்லங்கச் சான்றும் காட்டாது; அவற்றுக்கு வாரிசுகளை நேரில் விசாரிப்பதுதான் வழி. மனை என்றால், அனுமதியின்றி மனையாக்கிய நிலத்தின் பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்லும் 22-ஏ(2) பிரிவு தனியாக நிற்கிறது. விவசாய நிலத்தில் போட்ட அங்கீகாரமற்ற மனைகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் விதித்த தடையும், 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகளும், 2016 அக்டோபர் 20 என்ற வரம்புத் தேதியும் தெரியாமல் ஆவடிப் பக்கத்து லே-அவுட் எதையும் தொடக்கூடாது.

மறுப்பு வந்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடக் கூடாது. பதிய மறுப்பதென்றால் 71ஆம் பிரிவின்படி காரணத்தை இரண்டாம் புத்தகத்தில் எழுதி, ஆவணத்திலும் மறுப்பைக் குறிக்க வேண்டும். கேட்டால் காரணங்களின் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். எழுதிக் கொடுத்ததையே மறுத்த நேர்வைத் தவிர மற்றவற்றுக்கு 72ஆம் பிரிவின் கீழ் 30 நாள்களுக்குள் பதிவாளரிடம் மேல்முறையீடு. அங்கும் மறுத்தால் 77இன் கீழ் 30 நாள்களுக்குள் உரிமையியல் வழக்கு. நீதிப்பேராணை மனு வேகமானதுதான். ஆனாலும் மறுப்புக் காரணம் 55-ஏவா, 22-ஏவா, 22-பியா என்று எழுத்தில் கையில் இல்லாமல் உயர் நீதிமன்றம் போகிறவர், எந்த விதியை எதிர்த்து வாதிடுகிறோம் என்பதையே அரசுத் தரப்பு எதிர்மனுவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.