முன்ஷி அப்துல்லாவும் மலாய் மொழியாசிரியத் தொழிலும்

சாத்தூர்ப் பகுதியிலுள்ள ஏழாயிரம்பண்ணையிலிருந்து வந்து எம்மிடம் தமிழ் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், மலாய் மொழியியலைக் கற்று அத்துறையில் பல்கலைக்கழக விரிவுரையாளராதல் தமிழ் மாணவனுக்கு இயலுமோ என ஒருநாள் வினவினார். பட்டாசுத் தொழிலையே நம்பியிருக்கும் தம் சுற்றத்தார் அவ்வெண்ணத்தைக் கேட்டு நகைத்தனர் என்றும் உரைத்தார். அன்று யாம் அளித்த விடை எமக்கே நிறைவு தரவில்லை. வரலாறு அளிக்கும் விடையை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

ஏழாயிரம்பண்ணைப் பாளையம் 1799-இல் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் முதலிய பாளையங்களுடன் கும்பினியாரால் பறிக்கப்பட்டது. அடுத்து நிகழ்ந்த போரின் முடிவில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோர், 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிற் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். தென்பாண்டி நாட்டார்க்கு மலாய் நாடு தண்டனைக்குரிய நிலமாக அறிமுகமான அக்காலத்தையொட்டியே, மலாக்காவில் சிறுவன் ஒருவன் தமிழ் நெடுங்கணக்கைக் கற்கலானான். அவனே பிற்காலத்து முன்ஷி அப்துல்லா.

அப்துல்லா 1796-இல் மலாக்காவிற் பிறந்தவர். அவருடைய முன்னோருள் ஒருவர் ஏமன் நாட்டினின்று நாகூருக்கு வந்து ஆங்கு மணம் புரிந்து வாழ்ந்த அரபியர். அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த அக்குடும்பம் மலாக்காவில் மலாய் பேசி வாழ்ந்தது. இரண்டரை ஆண்டுகள் தாம் தமிழ் பயின்றதாக அவர் தம் வரலாற்றில் எழுதுகின்றார். அதற்கு அவர் கூறும் காரணம் நோக்கத்தக்கது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்றல் மலாக்காவிற் பண்டுதொட்டு வந்த வழக்கம் என்றும், தமிழ்நாட்டு வணிகர் மிக்கிருந்தமையால் கணக்கு வைத்தற்கும் உரையாடுதற்கும் அது பயன்பட்டது என்றும் அவர் குறிக்கின்றார். பற்றினாலன்றித் தேவையினாற் கற்ற தமிழ் அது. நம்மவர் பலர் இதனை மறந்து, தமிழின் பெருமைக்குச் சான்றாக மட்டுமே அவரைக் காட்டுவர்.

மலாய் கற்பித்தல் அவருக்குத் தந்தைவழித் தொழில். 1812-இல் மலாய் அகராதியும் இலக்கணமும் வெளியிட்ட வில்லியம் மார்சுடனுக்குத் தம் தந்தை ஆசிரியராயிருந்தார் என்பது அவர் கூற்று. அப்துல்லா இளமையில் இராபிள்சிடம் எழுத்துப் பணி புரிந்தார். மலாக்காக் கோட்டையிலிருந்த இந்தியப் படைவீரர்க்குப் பாடஞ் சொன்னமையாலேயே ‘முன்ஷி’ என்னும் பெயர் அவர்க்கு வழங்கலாயிற்று. பின்னர், 1815-இல் மலாக்காவிற்கு வந்த மில்னே, தாம்சன் என்னும் கிறித்துவப் பாதிரிமார்க்கு மலாய் ஆசிரியரானார். 1819-இல் சிங்கப்பூர் தோன்றியபின் ஆங்கு வணிகர்க்கும் அலுவலர்க்கும் கற்பித்தார்.

தாம்சனுக்கும் அவர்க்கும் நேர்ந்த பிணக்கே எம் ஆராய்ச்சிக்கு உயிரானது. மறைநூல் மொழிபெயர்ப்பைத் திருத்த முயன்றபொழுது, சொற்கள் மலாய்ச் சொற்களாயினும் தொடரமைதி மலாய் அன்று என்று அப்துல்லா வற்புறுத்தினார். மாணவராகிய பாதிரியாரோ தம் கருத்தை விடவில்லை. கூலி தருபவர் மாணவர்; அறிந்தவர் ஆசிரியர். இந்நிலையிலும் மொழிக்குரிய நடைவழி ஒன்றுண்டு, சொற்பொருளை மட்டும் அறிந்தார் அதனை அறியார் என்னும் கொள்கையை அவர் கைவிட்டாரல்லர். மலாய் மக்கள் தம் மொழியை முறையாகக் கல்லாது விடுகின்றனர் என்ற அவரது மனக்குறையும், 1843-இல் எழுதி முடிக்கப்பெற்று 1849-இல் அச்சேறிய ‘இக்காயத் அப்துல்லா’வில் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது.

1835-இல் தமிழ்ப் பஞ்சதந்திரத்தை மலாயில் ஆக்கியவர் அவர். எனினும் இரு மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலும் எழுதினாரில்லை. அப்பணியை 1902-இல் தொடங்கியவர், பின்னாளில் லைடன் பல்கலைக்கழகத்தில் மலாய்ப் பேராசிரியராக விளங்கிய வான் ரொங்கெல் என்னும் டச்சு அறிஞர். மலாயிலுள்ள தமிழ்க் கூறுகளைப் பற்றி அவர் தனிக் கட்டுரையே வரைந்தார். தமிழறிந்தார் செய்திருக்க வேண்டிய பணி இது.

அச்சொற்களைப் பட்டியலிட்டு மகிழ்வதோடு நம் கட்டுரைகள் பல நின்றுவிடுகின்றன. மொழியியலான் காண்பது வேறு. ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ எனவும், ‘வகை’ ‘பாகாய்’ எனவும் வழங்கும். இடையில் தனித்து நின்ற வல்லினம் ஒலிப்புடையதாயிற்று. ‘கட்டில்’ ‘காத்தில்’ எனவும், ‘பெட்டி’ ‘பெத்தி’ எனவும் வழங்கும். இரட்டித்த வல்லினம் ஒலிப்பின்றி நின்றது. ஏட்டிலிருந்தன்று, வணிகரின் வாய்மொழியிலிருந்தே இவை சென்றன என்பதற்கு இவ்வேறுபாடு ஒரு சான்று.

ஏழாயிரம்பண்ணை மாணவர்க்கு யாம் காட்டிய சொல் ‘பெடில்’ என்பது. மலாயில் அது துப்பாக்கியைக் குறிக்கும். அகராதியாசிரியர் சிலர் அதனைத் தமிழ் ‘வெடி’யோடு தொடர்புறுத்துவர். ‘வகை’, ‘பாகாய்’ ஆனமைபோல் வகரம் பகரமாதல் பொருந்தும். இறுதி லகரத்திற்கோ தனி விளக்கம் வேண்டும். ‘ஊபாட் பெடில்’ என்பது வெடிமருந்து. ‘ஊபாட்’ என்பதற்கு மருந்து என்பதே பொருள். அவ்வூரிலும் பட்டாசுக்கு இடுவதை ‘மருந்து’ என்றே கூறுவர். மாணவர் வியந்து, இத்தொடர் தமிழைப் பின்பற்றி அமைந்ததென உடனே முடிவு கட்டினார். சீனத்திலும் அதன் பெயர் ‘தீமருந்து’ என்னும் பொருளதே; பாரசீகம் முதலியவற்றில் வழங்கும் ‘தாரு’ என்பதும் மருந்தையே குறிக்கும். ஆகவே சொல்லுக்குக் கூறும் தொடர்பைத் தொடருக்கும் ஏற்றுதல் முறையன்று. அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1950-களின் முற்பகுதியில் எழுந்த மலாய்த் துறைக்குத் தலைமை தாங்கியவர், ‘பெலித்தா பகாசா மெலாயு’ என்னும் இலக்கணம் இயற்றிய சாபா. இந்தியவியல் துறை 1956-இல் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்றது. தனிநாயக அடிகள் 1961 முதல் அதற்குப் பேராசிரியராயிருந்தார். முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் நிகழ்ந்தது. தமிழும் மலாயும் ஒரே பல்கலைக்கழகத்தில் இரு துறைகளாக அமைந்தன. இரண்டிற்கும் இடைப்பட்ட ஆராய்ச்சிக்கு, இரண்டிலும் பயிற்சியுடையார் தேவை.

மாணவர்க்கு யாம் இப்பொழுது கூறும் விடை: இயலும், ஆயின் தமிழ்ச் சொல்லைத் தேடிச் செல்பவராக அன்றி, மலாயை மலாயாகவே கற்பவராகச் செல்ல வேண்டும். அரபெழுத்தின் வழிவந்த ஜாவி எழுத்தைப் படித்தாலன்றி அப்துல்லாவின் மூலநூலை அவரால் தொட இயலாது. சென்ற திங்களில் அவர் எமக்கு எழுதிய மடலின் அடியில் தம் பெயரை அவ்வெழுத்தில் எழுதியிருந்தார். ழகரத்திற்கு எவ்வெழுத்தை இடுவதென்று அறியாது அவ்விடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.