குடோனும் கடைதான்! (ஒரு நாற்காலியின் கதை)

முகப்பேர், பாடி, அம்பத்தூர் பக்கம் இருக்கறவங்க கவனிச்சிருப்பீங்க. கரண்ட் கம்பத்திலும் பஸ் ஸ்டாப் சுவரிலும் சின்ன நோட்டீஸ் ஒட்டியிருக்கும். பிக்கிங், பேக்கிங், லோடிங் வேலைக்கு ஆட்கள் தேவை, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, வேன் வசதி உண்டு. கீழே ஒரு செல் நம்பர். எந்தக் கம்பெனி என்பது மட்டும் இருக்காது! (இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.)

நாம ராத்திரி பத்து மணிக்கு செல்லில் ஒரு செருப்பையோ குக்கரையோ ஆர்டர் பண்ணிட்டுத் தூங்கிடறோம். அதை ரேக்கிலிருந்து எடுத்து, பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, வண்டியில் ஏத்தறது இந்த மாதிரி நோட்டீஸைப் பார்த்து வேலைக்குப் போனவங்கதான். இவங்க சம்பளத்துக்கும் வேலை நேரத்துக்கும் சட்டம் இருக்கான்னு கேட்டா, இருக்கு. அதுவும் 1947-லிருந்தே. அப்புறம் ஏன் போதலை? அதான் இந்தப் பதிவு.

மூட்டைக் கணக்கு

சென்னையில் குடோன் என்றால் ரொம்ப காலம் ஜார்ஜ் டவுன்தான். காய்கறிக்குக் கொத்தவால் சாவடி. அது 1996-ல் கோயம்பேட்டுக்கு மாறியது. அங்கே லோடுமேன்களுக்கு மாதச் சம்பளம் என்ற பேச்சே கிடையாது. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி. எத்தனை மூட்டையோ அத்தனை காசு. முதுகு உடையும் வேலை. ஆனா ஒண்ணு, லாரி வராத நேரத்தில் துண்டை விரிச்சுப் படுக்கலாம். அந்த நேரத்துக்குக் காசு வராது, ஆனா யாரும் எழுப்பவும் மாட்டாங்க.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதுக்கு முன்னாடி மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு வித்தா மத்திய விற்பனை வரி கட்டணும். அதைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்ன குடோன் வெச்சிருந்தாங்க. வரி மாறினதும் அந்த அவசியம் போச்சு. நாலு சின்ன குடோனுக்குப் பதிலா நகரத்துக்கு வெளியே ஒரு பெரிய குடோன். கூடவே ஆன்லைன் வியாபாரமும் சேர்ந்துக்கிச்சு. ரெட்ஹில்ஸ், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் சாலைகளில் தகரக்கூரை போட்ட பெரிய பெரிய கொட்டகைகளைப் பார்க்கறீங்களே, அது இப்படி வளர்ந்ததுதான்.

இங்கே மூட்டைக் கூலி இல்லை. மாதச் சம்பளம், ஷிப்ட் எல்லாம் உண்டு. முன்னேற்றம்தானே? பாதி வரைக்கும் ஆமாம்.

சாப்பாட்டு நேரத்தில் பிறந்த சங்கம்

கொஞ்சம் பின்னாடி போவோம். 1911-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி பஞ்சாலையில் ஆண்கள் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வேலை செய்யலாம். நம்ம பெரம்பூர் பக்கம் பி அண்ட் சி மில் (பின்னி மில்னு சொன்னாதான் பெரியவங்களுக்குப் புரியும்) தொழிலாளர்களுக்குப் பெரிய குறை என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு இடைவேளை பத்தலை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி. வாடியாவை அழைச்சிட்டு வந்தாங்க. 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையா அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று.

கூலி உயர்வு மட்டுமில்லீங்க, நிம்மதியா சாப்பிட நேரம் வேணும் என்பதும் அந்தச் சங்கத்தோட ஆரம்பக் கோரிக்கை. நூறு வருஷம் கழிச்சு குடோனில் கேக்கறதும் கிட்டத்தட்ட இதேதான்.

1947-ன் ஒரு வரி

மில்லுக்கு சட்டம் இருந்தது, கடைப் பையன்களுக்கு இல்லை. பம்பாய் மாகாணம் 1939-ல் கடைகளுக்குச் சட்டம் போட்டது. நம்ம சென்னை மாகாணத்தின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல். ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. தொடர்ந்து நாலு மணி நேரம் வேலை செய்தால் ஒரு மணி நேரம் இடைவேளை. வார விடுமுறை. ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது 'கடை' என்பதற்கு அந்தச் சட்டம் சொல்ற விளக்கம். வியாபாரத்துக்குப் பயன்படும் ஸ்டோர் ரூம், குடோன், கிடங்கு எல்லாமே கடைதான், அது கடை இருக்கற கட்டிடத்திலேயே இருந்தாலும் சரி, வேற எங்கே இருந்தாலும் சரின்னு சொல்லுது. கல்லாவில் நிக்கறவரும் பின்னாடி மூட்டை அடுக்கறவரும் ஒண்ணுன்னு 1947-லேயே யோசிச்சிருக்காங்க!

நாற்காலி வந்த கதை

அந்தச் சட்டத்தில் விட்டுப்போன ஒரு விஷயம், உட்கார இடம். இங்கிலாந்தில் 1899-லேயே, கடையில் வேலை செய்யும் மூணு பெண்களுக்கு ஒரு நாற்காலியாவது போடணும்னு சட்டம் வந்தாச்சு. நமக்கு அது வந்த வழி கேரளா. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர், 'பெண்கூட்டு' என்ற அமைப்பை ஆரம்பிச்சார். முதல் பிரச்சினை கழிப்பறை. அப்புறம்தான் உட்காரும் உரிமை. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடைப் பெண்கள் 2014 கடைசியில் ஆரம்பிச்ச போராட்டம் நூறு நாளைத் தாண்டியது. 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது.

இங்கே 2010-லேயே 'அங்காடித் தெரு' பார்த்துட்டு ரங்கநாதன் தெரு பிள்ளைகளுக்காக உச்சுக் கொட்டினோம். நாற்காலி வர இன்னும் பதினோரு வருஷம் ஆச்சு. 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டசபையில் திருத்த மசோதா கொண்டு வந்தார். எல்லா நிறுவனங்களிலும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி வேணும், வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்காரணும். குடோனும் கடைதானே, அதனால் அங்கேயும் இது செல்லும்.

நல்ல சட்டம். ஆனா 'வாய்ப்பு கிடைத்தால்' என்ற இடத்தில்தான் குடோன் மாட்டிக்குது.

வாய்ப்பு எப்ப கிடைக்கும்?

ஜவுளிக்கடையில் கூட்டம் குறையும், அப்ப உட்காரலாம். ஸ்கேனர் வெச்சு வேலை வாங்கும் பெரிய குடோனில் அந்தச் சந்து கிடையாது. ஒரு பொருளை எடுத்து ஸ்கேன் செய்ததும் அடுத்த பொருளோட ரேக் நம்பர் திரையில் வந்துடும். மணிக்கு எத்தனை எடுத்தீங்கன்னு கணக்கு ஓடிட்டே இருக்கும். ஓரமா நாற்காலி இருக்கு. உட்கார்ந்தா டார்கெட் இறங்கும்.

ஹரியானாவில் மானேசரில் உள்ள அமேசான் குடோன் பற்றி 2024-ல் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கா? 24 அடி நீள ஆறு லாரிச் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்கோ போக மாட்டோம்னு ஊழியர்களை உறுதிமொழி எடுக்க வெச்சாங்கன்னு செய்தி. பத்து மணி நேர வேலை, வாரம் ஐந்து நாள், மாதம் ரூ.10,088 என்று ஒரு தொழிலாளி சொல்லியிருந்தார். தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து நோட்டீஸ் அனுப்பியது.

இப்ப ஒரு தற்செயல் பாருங்க. நம்ம சட்டசபை நாற்காலிச் சட்டம் கொண்டு வந்த அதே 2021 செப்டம்பரில், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் குடோன்களுக்குன்னே ஒரு சட்டம் போட்டது. டார்கெட் எவ்வளவுன்னு தொழிலாளிக்கு எழுத்தில் கொடுக்கணும். சாப்பாட்டு நேரத்தையும் கழிப்பறை நேரத்தையும் தின்னும் டார்கெட்டை எட்டலைன்னு தண்டிக்கக்கூடாது. தன்னோட வேகக் கணக்கைத் தொழிலாளி கேட்டு வாங்கலாம்.

நாம நாற்காலி கொடுத்தோம். அவங்க அதில் உட்கார நேரம் கொடுக்கப் பார்த்தாங்க. ரெண்டும் சேர்ந்தாதான் முழுசு.

சரி, முதலாளி யாரு?

நோட்டீஸில் கம்பெனி பேர் இல்லைன்னு சொன்னேனே... சரக்கு ஒருத்தரோடது, குடோனை நடத்தறது இன்னொருத்தர், ஆள் அனுப்பறது மூணாவதா ஒரு மேன்பவர் ஏஜென்சி. நாற்காலியோ ஓவர்டைமோ யார்கிட்ட கேக்கறது? 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கலைன்னா முதன்மை முதலாளிதான் கொடுக்கணும். 20 ஒப்பந்தத் தொழிலாளி இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகளில் அந்த எண்ணிக்கை 50 ஆகிடுச்சு. சின்னச் சின்னதா பிரிச்சு ஆள் எடுக்கறவங்களுக்கு இது வசதி. அதே தொகுப்புகளில் ஒரு நல்லதும் இருக்கு: நியமனக் கடிதம் கட்டாயம்.

அதனால உங்க தெருவிலிருந்து யாராவது இந்த வேலைக்குக் கிளம்பினா மூணு விஷயம் சொல்லி அனுப்புங்க. நியமனக் கடிதம் கேளு, அதில் யார் பேர் இருக்குன்னு பாரு. பி.எஃப். பிடிச்சா யு.ஏ.என். நம்பர் வாங்கி, உமங் ஆப்பில் மாசாமாசம் பணம் ஏறுதான்னு பாரு. எட்டு மணிக்கு மேல நின்ன நேரத்தை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வை, ஓவர்டைம் கணக்கு கேக்க அதுதான் ஆதாரம்.

அரசாங்கத்துக்கு என்னோட கோரிக்கை ஒண்ணே ஒண்ணுதான். குடோனும் கடைதான்னு 1947-ல் ஒரு வரி எழுதினாங்க. அது பக்கத்திலேயே, டார்கெட்டை எழுத்தில் கொடு, ஓய்வு நேரத்தை அதிலிருந்து கழின்னு இன்னொரு வரி எழுதுங்க. நாற்காலி ஏற்கனவே போட்டாச்சு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லைங்க. சம்பளப் பிரச்சினைன்னா தொழிலாளர் துறை ஆபீஸில் எழுத்து மூலமா புகார் கொடுங்க.